குளிர்காய ஓவனா? மலையக வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் அடுப்பு சோறு ஆக்குவதோடு நின்றதில்லை. அதன் மேலே பரண் கட்டி, கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த ஈர மிலாறை, அதாவது வெட்டிய தேயிலைக் கிளை விறகைக் காயவைத்தோம். கொழுந்து பறித்துவிட்டு நனைந்து வந்த அம்மாவின் கம்பளியும் இடுப்பில் கட்டும் படங்கும் அதன் அருகிலேயே தொங்கின. இரவானால் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்து குளிர்காயும். அந்தக் குசினிகளும் அதற்கு இடம் கொடுத்தன. கூரைத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று போய்வர வழி இருந்தது. காற்று கெட்டால் புகை கண்ணைக் கரித்து எல்லோரையும் வாசல் பக்க இஸ்தோப்புக்குத் துரத்திவிடும். அந்தப் புகை நம் பாட்டிமாரின் நெஞ்சைக் கெடுத்தது என்பதும் உண்மைதான். ஆனால், ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது.

இன்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற நகரங்களின் மாடி அறைகளிலும், தோட்டங்களில் எழும்பியிருக்கும் தனி வீடுகளிலும் ஓவன் வந்துவிட்டது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளை வாங்கி அனுப்பியிருப்பார், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அக்கா கொண்டுவந்திருப்பார். அதில் கேக் சுடுவது எப்போதாவது ஒருமுறைதான். மற்ற நாட்களில் பழைய அடுப்பு பார்த்த வேலைகளை எல்லாம் இந்தப் பெட்டியிடம் ஒப்படைத்துவிடுகிறோம். என் கவலை அதுதான். நம் வீடுகளில் ஓவனுக்குப் புகைக்கூடு வைப்பதில்லை. அது கெடுக்கும் காற்று கண்ணைக் கரிப்பதுமில்லை.

எல்லாவற்றிலும் கொடிய தவறு, எரிவாயு ஓவனைப் பற்றவைத்து, கதவைத் திறந்துவிட்டு, அறையைச் சூடாக்குவது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் புல்வெளியெங்கும் துகள் உறைபனி படியும். அந்தக் குளிரில் ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைச் செருகிவிட்டு ஓவனைத் திறந்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். எரிவாயு முழுமையாக எரியப் போதிய ஒட்சிசன் வேண்டும். மூடிய அறையில் அது குறையக் குறைய, காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு உண்டாகிறது. ஓவன் கதவு மூடியிருந்தால், வைத்த வெப்பநிலையை எட்டியதும் தீ தானாகத் தணியும். கதவு திறந்திருக்கும்போது அந்த வெப்பநிலை வருவதே இல்லை. அதனால் தீ ஓய்வில்லாமல் எரிந்து, அறையிலுள்ள காற்றைத் தின்றுகொண்டே இருக்கும்.

மலையில் வாழும் நமக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே அளவு காற்றில் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. சமவெளிக்கென்று செய்யப்பட்ட எரிவாயு அடுப்பு இங்கே சரியாக எரியாமல் போகலாம். நீலமாக இருக்க வேண்டிய சுடர் மஞ்சளாக ஆடினாலோ, பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தாலோ, தெரிந்த ஒருவரை அழைத்துச் சீர்செய்துகொள்ளுங்கள். சமையலுக்கே அந்த அடுப்பு உகந்ததல்ல என்னும்போது, இரவு முழுவதும் அதை எரியவிடுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் மணந்து அறிவது எரியாமல் கசியும் வாயுவை. அதில் மணத்துக்கென்றே ஒரு பொருளைக் கலக்கிறார்கள். எரிந்த பின் உண்டாகும் நஞ்சுக்கு அந்த மணம் இருக்காது. இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்துடன் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், கைகால் சோர்வு. பனி பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுவோம், அங்கேதான் உயிர் போகிறது. தூங்குபவர் எழுவதில்லை. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலிக்கிறதா? வெளியே போய் நின்றால் தெளிகிறதா? அப்படியானால் அது பனி அல்ல. உடனே தீயை அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, குழந்தைகளையும் வயதானவர்களையும் முதலில் வெளியேற்றுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். மருத்துவமனையில் “மூடிய அறையில் எரிவாயு எரிந்தது” என்று சொல்ல மறக்காதீர்கள். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் சாதாரணக் கருவி இந்த நஞ்சைப் பிரித்தறியாது, அளவு நன்றாக இருப்பதாகவே காட்டும். கர்ப்பிணிகள் தங்களுக்குச் சரியாகிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் வயிற்றிலுள்ள குழந்தைக்கு இதன் பாதிப்பு அதிகம்.

உயிரைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரவுக்கு ஆறு மணி நேரம் ஓவனை எரித்தால் 12.5 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம் தாங்குவதே கடினம். போதாததற்கு, ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஒன்றரை லீற்றருக்கும் அதிகமான நீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. விடியும்போது சுவர் வியர்த்திருப்பதும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பதும், பிள்ளைகளுக்கு இளைப்பு கூடுவதும் இதனால்தான். குளிரை விரட்டுவதாக நினைத்து ஈரத்தை வளர்க்கிறோம்.

தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் வைப்பதும் அதே அளவு ஆபத்தானது. புகை அடங்கிவிட்டதால் தீங்கில்லை என்பது தவறான எண்ணம். புகையாத கரித்துண்டுதான் காபனோரொட்சைட்டை அதிகமாகத் தரும். இறைச்சி சுட்ட கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைக்கும் சுற்றுலா விடுதிக்காரர்களும் விருந்தினர்களும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். குளிருக்குத் துணியில் சுற்றிய சுடுநீர்ப் பை, தடித்த கம்பளி, எல்லோரும் ஒரே அறையில் படுப்பது ஆகியவை போதும். மின்சூடேற்றி வாங்குவதானால் அறைக்கென்றே செய்யப்பட்டதை வாங்குங்கள்.

மின் ஓவன் நச்சு வாயுவைத் தராது என்பதால் அதைத் திறந்து வைத்துக் குளிர்காயலாமா? கூடாது. தவழும் குழந்தையின் முகத்துக்கு நேராகச் சூடான கம்பியும் கதவும் இருக்கும். அரைமணி, ஒருமணி நேரச் சமையலுக்கென்று செய்யப்பட்ட கருவியும் வயரும் இரவு முழுவதும் காயும்.

அடுத்தது துணி. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் விடாமல் பெய்யும்போது, திங்கட்கிழமைக்குள் வெள்ளைச் சீருடையைக் காயவைப்பது தாய்மாருக்குப் பெரும் பாடு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனாலும் ஓவனுக்குள் துணி போகக் கூடாது. குமிழில் தெரியும் எண், உள்ளே இருக்கும் காற்றின் சராசரிச் சூடு மட்டுமே. கம்பிக்கு அருகே இருக்கும் மடிப்பு அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். பருத்தி கருகித் தீப்பிடிக்கும், பொலியெஸ்டரும் இடுப்பு இலாஸ்டிக்கும் உருகும். சப்பாத்தை வைத்தால் பசை விட்டு அடி கழன்றுவிடும். மண்ணெண்ணெய், தின்னர், எண்ணெய் துடைத்த துணியென்றால் துவைத்த பிறகும் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் ஆவி மூடிய பெட்டிக்குள் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஓவன் கைப்பிடியில் துணியைத் தொங்கவிடும் பழக்கமும் நல்லதல்ல. நனைந்த சீருடையை உலர்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி நன்றாக முறுக்கினால் பாதி ஈரம் அதிலேயே போய்விடும். பிறகு காற்றோட்டமுள்ள இடத்தில் உயரக் கொடி கட்டிப் போட்டு, காலையில் மிச்ச ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுத்துவிடலாம்.

ஈர விறகை ஓவனில் வைப்பவர்களும் உண்டு. விறகு சூடாகும்போது எரியக்கூடிய வாயுக்களை வெளியிடும். அதற்குப் பரண்தான் சரியான இடம்.

தண்ணீரில் விழுந்த கைத்தொலைபேசியை ஓவனில் உலர்த்த நினைக்காதீர்கள். லித்தியம் மின்கலம் அதிகச் சூட்டில் உப்பும், வெடித்துத் தீப்பிடிக்கவும் கூடும். தொலைபேசியை அணைத்து, சிம் அட்டையைக் கழற்றி, துடைத்து, மின்விசிறிக் காற்றில் ஓரிரு நாள் வையுங்கள். அதுவரை சார்ஜ் போட வேண்டாம்.

இனி, யாரும் தவறென்றே நினைக்காத ஒன்று: ஓவனை அலமாரியாக்குவது. குசினி சிறியது, எலித் தொல்லை வேறு. அதனால் பிளாஸ்டிக் டப்பா, பொரித்த எண்ணெய்ச் சட்டி, பழைய பத்திரிகை எல்லாம் உள்ளே போகின்றன. வைத்தவர் ஒருவர், பற்றவைப்பவர் வேறொருவர். விருந்தாளி வந்த அவசரத்தில் உள்ளே பார்க்காமல் திருகிவிடுவார்கள். எண்ணெய்ச் சட்டி ஒன்று போதும், குசினி தீக்கிரையாக. பற்றவைக்கும் முன் கதவைத் திறந்து பார்ப்பதை வீட்டில் ஒவ்வொருவரும், பிள்ளைகள் உட்பட, கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எரிவாயு ஓவனென்றால் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேயே தங்கும். கதவைத் திறந்ததும் மணம் வந்தால் தீக்குச்சியையும் மின்சுவிட்சையும் தொடாமல், சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். 2021 இறுதியில் நாடெங்கும் அடுத்தடுத்து நடந்த எரிவாயு வெடிப்புகள் எவ்வளவு அச்சத்தைத் தந்தன என்பது நினைவிருக்கும். அந்த எச்சரிக்கை உணர்வு இன்று தளர்ந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

கந்தப்பளை, இராகலைப் பக்கம் மரக்கறி நாற்று போடுபவர்களும், வீட்டு முற்றத்தில் பூச்செடி வளர்ப்பவர்களும் நாற்று மண்ணை ஓவனில் சுட்டு நோய்க்கிருமியை அழிக்கப் பார்ப்பதுண்டு. யோசனையில் குற்றமில்லை. மண் 82 பாகை செல்சியசில் அரைமணி நேரம் இருந்தால், நாற்றை அழுகவைக்கும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை சாகும். பிழை செய்யும் இடம், சூட்டைக் கூட்டினால் இன்னும் நல்லதென்று நினைப்பது. 93 பாகையைத் தாண்டினால் மண்ணிலிருந்து நாற்றுக்குக் கேடான பொருட்கள் வெளிப்படத் தொடங்கும், முளைத்தது கருகும். தோட்டத்து மண்ணில் பல வருடம் அடித்த பூச்சிமருந்தின் எச்சமும் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்கு உணவு வேகும் பெட்டிக்குள் சூடாக்குவது எந்த விதத்திலும் சரியல்ல. பழைய வாளியில் மண்ணை நிரப்பி, வெளியே கல் கூட்டிய அடுப்பில் ஆவியில் வேகவையுங்கள். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் அந்த ஆவியில் மண் 93 பாகை வரம்பை அதிகம் தாண்டாது.

போத்தல்களைக் கிருமிநீக்குவதில் கதை வேறு. தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிப்பதால், இங்கே கூடுதல் நேரம் கொதிக்கவைக்க வேண்டும். சமவெளியில் ஜாம் போத்தலுக்கு 10 நிமிடம் என்றால், 300 மீற்றர் உயரத்துக்கு மேல் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஒரு நிமிடம் சேர்த்துக்கொள்வது வழக்கம். நுவரெலியாவில் ஸ்ட்ரோபரி ஜாம் போடுபவர்கள் 15, 16 நிமிடம் வைக்கலாம். இந்தக் கணக்குத் தெரியாமல், ஓவனில் வைத்தால் விரைவில் முடியும் என்று எண்ணுபவர்கள் பலர். உலர்ந்த சூடு கொதிநீரைவிட மிக மெதுவாகவே கிருமியைக் கொல்லும். மருத்துவக் கருவிகளுக்கே 160 பாகையில் இரண்டு மணி நேரம் தேவை. குளிர்ந்த ஈரப் போத்தலை அந்தச் சூட்டில் வைத்தால் விரிசல் விழும். குழந்தையின் பிளாஸ்டிக் பால் போத்தலை ஓவனுக்குள் வைக்கவே கூடாது.

முட்டையிலிருந்து பொரித்து வந்த கோழிக்குஞ்சுகளைச் சூடாக வைக்க ஓவனை நாடுவதும் வேண்டாம். முதல் வாரம் அவற்றுக்கு ஏறக்குறைய 35 பாகை போதும். ஓவனின் மிகக் குறைந்த அளவே பெரும்பாலும் அதைவிட அதிகம். அட்டைப் பெட்டிக்கு மேலே பாதுகாப்பான உயரத்தில் ஒரு குண்டு பல்ப் தொங்கவிடுங்கள். மெழுகுதிரி செய்பவர்கள் மெழுகைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குப் பெயின்ட் அடித்து ஓவனில் உலர்த்தும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஓவனில் இனி சமைக்கக் கூடாது. மைக்ரோவேவ் முற்றிலும் வேறு கருவி. அதில் காலுறையை உலர்த்தினால் வெளியே ஈரமாகத் தெரியும்போதே உள்ளே கருகத் தொடங்கியிருக்கும்.

மின் ஓவன் வைத்திருப்பவர்கள் சுவரிலுள்ள பிளக்கை இன்றே பார்த்துவிடுங்கள். 2,000 வாட் ஓவன் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒன்பது அம்பியர் அளவுக்கு இழுக்கும். பழைய வீடுகளிலும் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் இருக்கும் சிறிய வட்டமுனைப் பிளக் 5 அம்பியருக்கு மட்டுமே உரியது. மாற்றுத் தலையோ பல முனை நீட்டிப்பு வயரோ போட்டு ஓவனை அதில் மாட்டினால், சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகும். பக்கத்து வீட்டிலிருந்து இழுத்த இணைப்பு என்றால் ஆபத்து இரண்டு வீட்டுக்கும். 13 அம்பியர் பிளக்கையும் அதற்கேற்ற தடித்த வயரையும் தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு போட்டுக்கொள்ளுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக்கின் முகம் பழுப்பேறியிருந்தாலோ, தொட்டால் சுட்டாலோ, அது மாற்றப்படும் வரை ஓவனைப் போடாதீர்கள்.