தக்கை ஆடும்போதே விலகுங்கள்: பாவத்தோடு போராடுவதில் நாம் செய்யும் தவறுகள்

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாவம் கசக்கும் என்று சொல்லித் தருகிறோம். முதல் தவறு அங்கேயே ஆரம்பமாகிறது. பாவம் இனிக்கும். எபிரெயர் 11:25 இதை மறைக்கவில்லை, "அநித்தியமான பாவசந்தோஷங்கள்" என்றே எழுதியிருக்கிறது. சந்தோஷம் உண்டு, நிலைக்காது. கசக்கும் என்று மட்டுமே கேட்டு வளர்ந்த பையன் பதினெட்டு வயதில் ஒருமுறை ருசி பார்த்ததும், சபையில் சொன்னதெல்லாம் பொய் என்று முடிவுகட்டிவிடுகிறான். இனிப்புக்குள் முள் இருக்கிறது என்று அவனுக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

யாக்கோபு 1:14-ல் "தன்தன் சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு, சிக்குண்டு" என்று வாசிக்கிறோம். 'சிக்குண்டு' என்ற இடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது இரை காட்டிப் பிடிப்பதைக் குறிக்கும் சொல். கழிஞ்சூர் ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். முள்ளின் முனை வெளியே தெரியாதபடி மண்புழுவைக் கோக்கிறார். தக்கை முதலில் லேசாக ஆடும்; அவர் இழுக்கமாட்டார். மீன் ஒருமுறை கொத்திப் பார்த்து விலகும். ஒன்றும் ஆகவில்லை என்று கண்டு திரும்பி வரும். தக்கை முழுசாகத் தண்ணீருக்குள் அமுங்கிய பிறகுதான் அவர் கை சுண்டும். மீன் துள்ளிப் போராடுவதெல்லாம் அதற்குப் பிறகு. நம்மில் பலரும் அந்த நேரத்தில்தான் போராடத் தொடங்குகிறோம். தோற்றுப்போனதும், விசுவாசம் போதவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

எங்கே தடுப்பது

அடுத்த வசனம் வரிசையைச் சொல்கிறது: இச்சை கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் பூரணமாகி மரணத்தைப் பிறப்பிக்கிறது. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் தன் தெருவில் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறார். 20 வீடு, வீட்டுக்கு மாதம் 500 ரூபாய். மாதாமாதம் 10,000 ரூபாய் பீரோவில் சேர்கிறது. போனில் காசு வைத்துச் சீட்டாடும் பழக்கமும் அவருக்கு உண்டு.

"பணம் சும்மாதானே கிடக்கிறது" என்று ஒரு நாள் தோன்றுகிறது. அது இச்சை. "சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம்" என்று தேதி குறிக்கிறாரே, அதுதான் கர்ப்பம். அன்றிரவு 2,000 ரூபாய் எடுக்கிறார். சம்பளத்தன்று சொன்னபடி வைத்தும்விடுகிறார். நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் முழுக் கதையிலும் ஆபத்தான நாள் அதுதான். எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று அவருடைய மனசாட்சி அன்றைக்குப் பாடம் படித்துவிட்டது. ஆடி மாதத்துக்குள் 18,000 ரூபாய் குறைகிறது. ஐப்பசியில் 20 வீட்டாரும் பலகாரத்துக்கும் பட்டாசுக்கும் வாசலில் வந்து நிற்பார்கள்.

பீரோச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் ஜெபிப்பவருக்குத் தப்பிக்க வழி குறைவு. வசூல் செய்த அன்றே, இருவர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும் என்ற வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால் சோதனையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். 1 கொரிந்தியர் 10:13 "தப்பிக்கொள்ளும்படியான போக்கை" வாக்களிக்கிறது. போக்கு என்றால் வெளியேறும் வழி. எஜமான் போத்திபாரின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது, யோசேப்பு அந்த வீட்டில் நின்று வாதாடிக்கொண்டிருக்கவில்லை. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினான்.

ஆகவே போனில் ஆபாசமோ சூதாட்டமோ பிடித்துவைத்திருந்தால், இரவு பத்து மணிக்குப் போனைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுப் படுக்கையறைக்குப் போங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் போதாது, அதில் போட்ட கணக்கையும் மூட வேண்டும். சம்பளக் கணக்கில் செலவுக்கு வேண்டியதை மட்டும் விட்டு, மீதியை அன்றே மனைவியின் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பள நாளில் டாஸ்மாக் இருக்கும் தெரு வழியாக வீட்டுக்கு வராதீர்கள், சுற்று வழியானாலும் பரவாயில்லை. இது விசுவாசக் குறைவு ஆகிவிடாது. ரோமர் 13:14 சொல்வதே, துர் இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாதிருங்கள் என்றுதான்.

குடிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. பல வருடம் தினமும் குடித்தவரை "இன்றிலிருந்து தொடமாட்டேன்" என்று சபை முன்னால் சத்தியம் செய்ய வைத்து வீட்டுக்கு அனுப்பாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாததைக் கண்டு பேசும் புத்தி மாறாட்டம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும், ஜெபம் கூடவே நடக்கட்டும்.

லெந்து நாட்களின் 40 நாள் விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விட்டதற்குப் பதிலாக வேறொன்றை அந்த நேரத்தில் வைக்காவிட்டால், ஈஸ்டர் மதியமே பழையது திரும்பிவரும். மத்தேயு 12-ல் வெளியேறிய அசுத்த ஆவி, பெருக்கி ஜோடித்து வெறுமையாக விட்ட வீட்டுக்கு இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியதே, அதே நிலைதான்.

வலி தெரியாமல் போவது

1940களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் தொழுநோயாளிகளின் கைகளை ஆராய்ந்தார். விரல் தேய்வது சதை அழுகுவதால் அல்ல. வலி தெரியாததால் சூட்டிலும் வெட்டிலும் ஏற்படும் காயங்களைக் கவனிக்காமல் விடுவதால்தான் என்று காட்டினார். தொழுநோய் கிருமியால் வருவது, கூட்டு மருந்தால் குணமாவது. அதைப் பாவத்தின் அடையாளமாகப் பேசி நம் சபைகளே பலரை ஒதுக்கிவைத்தது பெரிய அநியாயம். பிராண்ட் கண்ட உண்மை வேறொரு இடத்தில் நமக்கு உதவுகிறது. எபேசியர் 4:19-ல் "உணர்வில்லாதவர்களாய்" என்று வருகிறது. அங்கே உள்ள கிரேக்கச் சொல்லுக்கு, வலி உணர்வு அற்றுப்போவது என்று பொருள். முதல் 2,000 ரூபாய் எடுத்த இரவு அந்த மனிதர் தூங்கியிருக்கமாட்டார். ஒன்பதாவது முறை எடுத்தபோது நன்றாகத் தூங்கினார். குற்றவுணர்வு இல்லாததைச் சமாதானம் என்று எண்ணிவிடுவது மிகப் பெரிய ஏமாற்றம்.

மன்னிப்பும் விளைவும்

மன்னிப்புக் கிடைத்துவிட்டது, இனி ஒன்றும் வராது என்று நினைப்பது இன்னொரு தவறு. பத்சேபாள் விஷயத்தில் பாவம் செய்த தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி "கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்று சொன்ன அதே மூச்சில், பிள்ளை சாகும் என்றும் சொன்னான். பாலாற்றைப் பார்த்தால் இது புரியும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவு இறங்கிய நிலத்தில், தொழிற்சாலையை இன்று மூடினாலும் கிணற்றுத் தண்ணீர் நாளைக்கே இனிக்காது. அந்தத் தண்ணீரை இறைத்தவர்களில் பலர் தோலில் ஒரு பைசாகூடச் சம்பாதித்தவர்கள் அல்ல. எரிகோ பிடிபட்டபோது ஆகான் என்ற இஸ்ரவேலன், தொடக்கூடாதென்று விலக்கிய ஒரு பாபிலோனிய சால்வையையும் வெள்ளியையும் பொன்பாளத்தையும் கண்டு, இச்சித்து, எடுத்து, கூடாரத்துக்குள் புதைத்தான். அதன் விளைவாக ஆயி பட்டணத்தின் முன் போரில் செத்தவர்களோ வேறு 36 பேர்.

இதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வருகிற கஷ்டம் எல்லாம் பாவத்தின் தண்டனை என்று தீர்ப்புச் சொல்வது அதைவிடக் கொடுமை. வேலூரில் இதைக் கூடுதல் கவனத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ ரயில் ஏறி வந்து காட்பாடியில் இறங்கி, லாட்ஜில் தங்கி, குழந்தையின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் தாயிடம் "ஏதாவது மறைவான பாவம் இருக்கிறதா பாரும்மா" என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிறவிக் குருடனைப் பற்றி இயேசு சொன்னது தெளிவாக இருக்கிறது: இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல. அவர் அப்படிச் சொன்ன இடத்தில் நாம் வேறு சொல்லத் துணியக் கூடாது.

திரும்பக் கொடுப்பது

கண்ணீர் விட்டு ஜெபித்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்று அந்தச் சீட்டுக்காரர் எழுந்துவிட முடியாது. லேவியராகமம் 6:5 முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உடையவனுக்கே கொடுக்கச் சொல்கிறது. 18,000-க்கு 3,600 சேர்த்தால் 21,600 ரூபாய். வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, தருவேன் என்றான். பாலாற்று வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றமும், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு கொடுப்பதும் கெட்டுப்போன நிலத்தைச் சீராக்கும் செலவும் கெடுத்தவர் தலையிலேயே என்று தீர்ப்பளித்தது. மொத்தமாக முடியாவிட்டால் எந்த வீட்டுக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்தைக் காணிக்கைப் பையில் போடுவது ஈடாகாது. பணம் 20 வீட்டாருடையது.

பாவ அறிக்கையிலும் சில தவறுகள் நடக்கின்றன. "யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்பது அறிக்கை அல்ல. என்ன செய்தேன், எத்தனை முறை, எவ்வளவு என்று சொல்ல வேண்டும். தேவனிடம் சொன்ன பிறகு, பாதிக்கப்பட்டவரிடம் நேரில் போங்கள். ஆயரோ பங்குத்தந்தையோ முதிர்ந்த விசுவாசி ஒருவரோ உடன் தெரிந்திருப்பது நல்லது. இன்னொருவரின் மானமும் சேர்ந்திருக்கும் பாவத்தைச் சாட்சி நேரத்தில் மைக்கில் சொல்லாதீர்கள்.

கேட்கிறவருக்கும் பொறுப்பு உண்டு. காதில் விழுந்ததை "சகோதரருக்காக ஜெபியுங்கள்" என்று வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போட்டுவிட்டால், அந்த மனிதர் இனி யாரிடமும் வாய் திறக்கமாட்டார். உடனே வசனம் சொல்லவும் தொடங்க வேண்டாம். முழுசாகக் கேளுங்கள், பட்டியலை வாங்கிப் பாருங்கள், முதல் வீட்டுக்குக் கூடப் போங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "எத்தனை வீடு முடிஞ்சுதுண்ணா, இன்னும் எத்தனை பாக்கி?"