சிறிய விமான எஞ்சின் மிஸ்ஸிங் ஆனால் செய்யக்கூடாத தவறுகள்

சேலம் கமலாபுரம் விமான நிலையத்தில் நிற்கும் செஸ்னா 172 போன்ற விமானத்தின் எஞ்சின் உதற ஆரம்பித்தால், பலர் முதலில் எடுப்பது ஸ்பேனரை. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் எட்டு பிளக்கையும் மாற்றுவார்கள், அடுத்து வயர், அப்புறம் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோ. பணம் போகும், கோளாறு அங்கேயே இருக்கும்.

இந்த எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், மொத்தத்துக்கு இரண்டு மேக்னட்டோ. கிளம்பும் முன் தரையில் எஞ்சினைச் சோதிக்கும் ரன்-அப்பில் ஒரு மேக்னட்டோவை மட்டும் விட்டுப் பார்க்கும்போது ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். எவ்வளவு இறங்கலாம் என்பது கையேட்டில் இருக்கும். 172-இல் மாடலைப் பொறுத்து 125 அல்லது 150 ஆர்பிஎம், இரண்டு மேக்னட்டோவுக்கும் இடையே வித்தியாசம் 50-க்குள். எவ்வளவு இறங்கியது என்பதோடு எப்படி இறங்கியது என்றும் கவனியுங்கள். உதறிக்கொண்டு இறங்கினால் பெரும்பாலும் பிளக்கோ வயரோ. உதறாமல் அதிகமாக இறங்கினால் டைமிங்கையும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) எரிபொருள்-காற்றுக் கலவையையும் பாருங்கள்.

உதறும் மேக்னட்டோவில் மட்டும் எஞ்சினைச் சற்று ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே ஒவ்வொரு சிலிண்டரின் எக்ஸாஸ்ட் குழாயிலும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைக் காட்டுங்கள். குளிர்ந்து கிடப்பதுதான் எரியாத சிலிண்டர். அதில் அந்த மேக்னட்டோவோடு சேர்ந்த பிளக்கை வேறு சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். கோளாறு கூடவே போனால் பிளக்தான் காரணம். போகவில்லை என்றால் வயர், மேக்னட்டோ பக்கம் போங்கள். கீழே விழுந்த பிளக்கைத் துடைத்து மாட்டவே கூடாது. உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

பிளக்கைக் கழற்றாமலே தீரும் வழியும் உண்டு. 100எல்எல் ஏவ்கேஸ் என்ற விமான பெட்ரோலில் ஈயம் இருக்கிறது. தரையில் ஓடும் டாக்ஸி முழுக்க கலவையை ரிச்சாகவே (எரிபொருள் அதிகமாக) வைத்திருந்தால் ஈயமும் கரியும் கீழ் பிளக்கில் படியும். கையேடு சொல்லும் ஆர்பிஎம்மில் கலவையை லீனாக்கி (எரிபொருளைக் குறைத்து) கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பல நேரம் எரிந்துபோகும். கிளம்பும் முன் கலவையைப் பழையபடி வையுங்கள்.

ஆர்பிஎம் இறங்கவே இல்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்விட்சை ஆஃப் செய்தும் அந்த மேக்னட்டோ உயிரோடு இருக்கிறது என்று அர்த்தமாகலாம். சரிசெய்யும்வரை புரொப்பெல்லரை யாரும் கையால் தொடக்கூடாது. இதில் மட்டும் அவசரம் வேண்டவே வேண்டாம்.

சேர்வராயன் மலைப்பக்கம் பறக்கும்போது வரும் தவறு வேறு. ஏற்காடு கிட்டத்தட்ட 5,000 அடி உயரம். மழைக்கால மேகத்தை ஒட்டிப் போனால் கார்ப்பரேட்டருக்குள் பனி கட்டும். வெளியே இதமாக 20 டிகிரி இருந்தாலும் உள்ளே வெப்பம் உறைநிலைக்குக் கீழே போய்விடும். கார்ப்பரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டைப் போட்டதும் உருகிய நீர் எஞ்சினுக்குள் போவதால் உதறல் முதலில் இன்னும் மோசமாகும். பயந்துபோய் ஹீட்டை அணைப்பதுதான் பெரிய தவறு. விடாமல் வைத்திருங்கள், தெளிந்துவிடும். இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் கார்ப்பரேட்டரே இல்லை என்பதால் இந்தச் சிக்கல் கிடையாது.

ஐடிலில் மட்டும் உதறி, த்ராட்டில் கொடுத்ததும் சீராகிறதா? இன்டேக் குழாய் இணைப்பில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். அங்கே பெட்ரோல் சாயக் கறை இருந்தால் கசிவு அதுதான். மழையில் நின்ற விமானம் என்றால் இதற்கெல்லாம் முன்பே டேங்க்கின் அடிப்பகுதியான சம்ப்பில் எரிபொருளை எடுத்து, அடியில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள்.