அடிக்கடி றீபேஸ் ஆகும் கிளையைப் பின்தொடர்வது எப்படி?

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை பஸ் நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றை இருவர் எழுதுகிறார்கள் என வைத்துக்கொள்வோம். திருநெல்வேலியில் இருப்பவர் கிற் என்ற, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் மென்பொருளில் ‘பஸ்நேரம்’ என்ற கிளையை (வேலையின் தனிப் பாதையை) அடிக்கடி றீபேஸ் செய்து, அதாவது அதன் மாற்றங்களை வேறோர் இடத்தின் மேல் புதிதாக அடுக்கி, அனுப்புகிறார். சாவகச்சேரியில் இருக்கும் நீங்கள் அதன் மேல் உங்கள் வேலையைச் செய்கிறீர்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன்; கணினியில் ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சிடுங்கள்.

றீபேஸ் செய்யும்போது பழைய கொமிற்றுகள் (பதிந்துவைத்த மாற்றங்கள்) மாறுவதில்லை. அவற்றுக்குப் பதிலாக வேறு அடையாள எண் கொண்ட புதியவை உருவாகின்றன. உங்கள் கணினியிலோ பழையவையே இருக்கும். இந்நிலையில் சேவையகத்தில் உள்ளதைப் பெறும் ‘கிற் புல்’ கொடுத்து மேர்ஜ் (இணைப்பு) செய்தால், ஒரே மாற்றம் வரலாற்றில் இருமுறை இடம்பெறுவதோடு, மற்றவர் வேண்டுமென்றே நீக்கிய கொமிற்றும் திரும்ப வந்துவிடும். ஆகவே இத்தகைய கிளையில் புல் கட்டளையைத் தவிர்ப்பதே நல்லது.

வேலையைத் தொடங்கும்போதே, எந்த இடத்திலிருந்து பிரிந்தீர்கள் என்பதற்கு ‘அடி’ என ஓர் அடையாளம் இட்டுக்கொள்ளுங்கள். ‘ஒறிஜின்’ என்பது சேவையகத்தில் உள்ள பிரதியைக் குறிக்கும் பெயர்.

கிற் சுவிச் -சி என்வேலை ஒறிஜின்/பஸ்நேரம்
கிற் பிராஞ்ச் அடி ஒறிஜின்/பஸ்நேரம்

பின்னர் புதியவற்றைப் பெற ‘கிற் ஃபெச் ஒறிஜின்’ கொடுங்கள். இது உங்கள் கோப்புகளைத் தொடாது. வரும் வரியின் தொடக்கத்தில் கூட்டல் குறியும் இறுதியில் ‘ஃபோஸ்ட் அப்டேற்’ என்பதும் தெரிந்தால், கிளை மாற்றி எழுதப்பட்டுவிட்டது.

உங்களுக்கெனச் சொந்தக் கொமிற் எதுவும் இல்லாவிட்டால், ‘கிற் றீசெற் --ஹாட் ஒறிஜின்/பஸ்நேரம்’ போதும். ஆனால் கொமிற் செய்யாத திருத்தங்களை அது கேட்காமலே அழித்துவிடும் என்பதால், முதலில் ‘கிற் ஸ்ரேற்றஸ்’ பாருங்கள்.

சொந்தக் கொமிற்றுகள் இருந்தால்:

கிற் றீபேஸ் --ஒன்ரு ஒறிஜின்/பஸ்நேரம் அடி என்வேலை

இதனைப் பின்னிருந்து வாசித்தால் எளிதில் விளங்கும்: ‘என்வேலை’ கிளையில், ‘அடி’க்குப் பின் வந்தவற்றை மட்டும் எடுத்து, புதிய பஸ்நேரத்தின் மேல் வை. ‘அடி’யைக் குறிப்பிடாமல் வெறுமனே ஒறிஜின்/பஸ்நேரத்தின் மேல் றீபேஸ் செய்தாலும், உள்ளடக்கம் மாறாத கொமிற்றுகளைக் கிற் தானாகவே தவிர்த்துவிடும், ஆனால் மற்றவர் திருத்திய கொமிற்றுகளின் பழைய வடிவங்களை உங்களுடையவை எனக் கருதி மீண்டும் பொருத்த முயல்வதால், நீங்கள் எழுதாத வரிகளில் முரண்பாடுகள் எழக்கூடும். தொடங்குவோர் பெரும்பாலும் சலிப்படைவது இங்கேதான்.

உண்மையான முரண்பாடு வந்தால், கோப்பைத் திருத்தி, ‘கிற் அட்’ செய்து, ‘கிற் றீபேஸ் --கொன்ரினியூ’ கொடுங்கள். குழம்பிவிட்டால் ‘--அபோட்’ பழைய நிலைக்குக் கொண்டுசெல்லும். எல்லாம் முடிந்ததும் அடையாளத்தை நகர்த்துவது கட்டாயம். இல்லையேல் அடுத்த முறை கணக்குப் பிழைக்கும்.

கிற் பிராஞ்ச் -எஃப் அடி ஒறிஜின்/பஸ்நேரம்

அடையாளம் இட மறந்தவர்கள், கிளை முன்பு இருந்த நிலைகளைப் பட்டியலிடும் ‘கிற் றெஃப்லொக் ஒறிஜின்/பஸ்நேரம்’ மூலம் முந்தைய நிலையைத் தேடலாம். அந்தக் கிளையின் தற்போதைய நிலையிலிருந்து எட்ட முடியாத பழைய பதிவுகள், இயல்பான அமைப்பில், 30 நாட்களுக்குப் பின் நீக்கத்துக்குரியவை என்பதால் தாமதிக்க வேண்டாம்.

‘என்வேலை’யைச் சேவையகத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தால், மீண்டும் அனுப்பும்போது ‘கிற் புஷ் --ஃபோஸ்-வித்-லீஸ் ஒறிஜின் என்வேலை’ என்று கொடுங்கள். நீங்கள் கடைசியாகப் பெற்றதற்குப் பின் வேறொருவர் அதில் எதையேனும் சேர்த்திருந்தால், கிற் அனுப்ப மறுத்துவிடும்.