கணினியில் இசை கேட்போர் ஒலி டிரைவர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு யூஎஸ்பி டேக் (கணினியின் எண்வடிவ ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் சிறு பெட்டி) வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளைப் பார்த்தால், விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில் எங்கள் நண்பர் வட்டத்தில் நடந்த தவறுகளே இன்றும் அப்படியே தொடர்வது தெரிகிறது. வெளியீட்டுச் சாதனத்தை மாற்றித் தேர்ந்தெடுப்பது, கேபிளைச் சரியாகச் செருகாமல் விடுவது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

விண்டோஸில் 192 என்று வைத்துவிட்டு அமைதியாகிவிடுவது

பணத்தை வீணாக்கும் தவறு இதுதான். கண்ட்ரோல் பேனலின் ஒலி அமைப்பில், சாதனத்தின் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குள் ‘டிஃபால்ட் ஃபார்மட்’ என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளதிலேயே பெரிய எண்ணான 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எல்லாப் பாடல்களும் உயர்தரத்தில் ஒலிக்கும் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அந்தப் பட்டியல் பாடலின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை. எல்லாச் செயலிகளின் ஒலியையும் விண்டோஸ் எந்த ஒரே சாம்பிள் வேகத்துக்கு (நொடிக்கு எத்தனை ஒலி அளவீடுகள் என்ற கணக்கு; 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 192,000) மாற்றிக் கலக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

விஸ்டாவுடன் வாசாபி என்னும் ஒலி அமைப்பு வந்தது. அதில் ஷேர்டு, எக்ஸ்க்ளூசிவ் என இரண்டு வழிகள் உண்டு. ஷேர்டு வழியில் பாட்டும், உலாவியில் ஓடும் காணொளியும், மின்னஞ்சல் வந்ததைச் சொல்லும் மணியும் ஒரே கலவை இயந்திரத்துக்குள் சென்று, 32 பிட் மிதவைப்புள்ளி எண்களாக மாறி, ஒன்றாகக் கலந்து வெளியே வருகின்றன. பழைய டைரக்ட் சவுண்ட் வழியும் இன்று இதே இயந்திரத்தின் மேல்தான் ஓடுகிறது. எக்ஸ்க்ளூசிவ் வழியிலோ ஒரே செயலி இந்தக் கலவை இயந்திரத்தைத் தவிர்த்து டேக்குக்கு நேரடியாக ஒலியை அனுப்புகிறது. ஒரு சிடியில் நொடிக்கு 44,100 சாம்பிள்கள் உள்ளன. அவற்றை 192,000 ஆக்குவதற்கான விகிதம் 640-க்கு 147. முழு எண்ணாக வகுபடாது. ஆகவே டேக்கைச் சென்றடையும் சாம்பிள்களில் ஏறத்தாழ அனைத்தும் புதிதாகக் கணக்கிடப்பட்டவையே. இது போதாதென்று, உச்ச அளவை ஒட்டிவரும் முனைகளை அழுத்தும் ஒரு லிமிட்டரும் அதே பாதையில் உட்கார்ந்திருக்கிறது. இன்றைய திரைப்பாடல்கள் பெரும்பாலும் அந்த உச்சத்தைத் தொட்டபடியே மாஸ்டர் செய்யப்படுவதால், அது வேலை செய்யும் வாய்ப்பும் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர், தம் டேக்கின் சிறு திரையில் எப்போதும் 192 என்று ஒளிர்வதைப் பெருமையாகக் காட்டினார். சிடியிலிருந்து எடுத்த பழைய பாடலுக்கும் 192, செய்தி வாசிப்புக்கும் 192. எதைப் போட்டாலும் ஒரே எண் வருகிறதே என்ற ஐயம் அவருக்கு எழவே இல்லை. சில மாதங்களில் ‘ஒலி தட்டையாக இருக்கிறது’ என்று முடிவு கட்டி, அதைப் பாதி விலைக்கு விற்கப் பேசிவிட்டு, இரண்டு மடங்கு விலையுள்ள வேறொன்றுக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் அவர் பாட்டு கேட்கும் ஃபூபார்2000 செயலியின் ‘அவுட்புட்’ பட்டியலைத் திறந்து பார்த்தேன். அதே டேக்கின் பெயர் அங்கே இரண்டு முறை இருந்தது. ஒன்றின் பின்னால் மட்டும் ‘எக்ஸ்க்ளூசிவ்’ என்ற குறிப்பு. அதைத் தேர்ந்தெடுத்துப் பாடலை ஓடவிட்டதும் பெட்டிக்குள் ரிலே ‘டிக்’ என்று ஒலித்தது, திரையில் 44.1 வந்தது. 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புக்கு மாறியபோது மறுபடியும் ஒரு ‘டிக்’, எண் 96 ஆனது.

இந்த மாற்றத்தால் காதுக்கு மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு தெரியும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாதையைச் சரிசெய்யாமல் கருவியைப் பழித்து, அதை விற்று, மேலும் பணத்தைக் கொட்டுவதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை; புதிதாக வந்த டேக்கும் அதே ஷேர்டு வழியில்தான் ஓடியிருக்கும். முன்பு சொன்ன ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் எக்ஸ்க்ளூசிவ் கட்டுப்பாட்டை அனுமதிக்கும் கட்டம் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் பாட்டு ஓடும்போது மற்றச் செயலிகளின் ஒலி கேட்காது. அது கோளாறு அன்று.

பெயரில் ஏசியோ இருந்தால் போதும் என்று நினைப்பது

ஏசியோ என்பது ஸ்டைன்பர்க் நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காக 1997-இல் கொண்டுவந்த ஒலி டிரைவர் முறை. தாமதத்தைக் குறைப்பதே அதன் நோக்கம். டேக் தயாரித்த நிறுவனமே தன் கருவிக்கென எழுதிய ஏசியோ டிரைவர் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஏசியோ4ஆல் அத்தகையது அன்று. ஏற்கெனவே உள்ள விண்டோஸ் டிரைவரின் மேல் போர்த்தப்பட்ட ஓர் உறையே அது. சொந்த ஏசியோ இல்லாத கருவியை வைத்து இசையமைப்பவருக்கு அது பெரிய உதவி. பாட்டு கேட்பவருக்கோ, எக்ஸ்க்ளூசிவ் வழியில் நேரடியாகக் கிடைப்பதன் நடுவில் இன்னோர் அடுக்கைச் சேர்ப்பதோடு சரி. விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பு முதல், யூஎஸ்பி ஒலிக்கருவிகளுக்கான பொதுத் தரமான யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2-இன் டிரைவர் இயங்குதளத்துடனேயே வருவதால், பல டேக்குகளுக்குத் தனி டிரைவரே தேவைப்படுவதில்லை. தயாரிப்பாளரின் ஏசியோ உண்மையில் கைகொடுப்பது டிஎஸ்டி (ஒற்றை பிட் வடிவில் பதியப்பட்ட ஒலி) கோப்புகளை நேரடியாக அனுப்ப விரும்புவோருக்கே.

பஃபரைச் சுருக்குவது

ஒலியை அனுப்புமுன் சேர்த்துவைக்கும் தற்காலிக இடமே பஃபர். 44.1 கிலோஹெர்ட்ஸில் 64 சாம்பிள் பஃபர் என்பது சுமார் ஒன்றரை மில்லிவினாடி. பாடிக்கொண்டே தம் குரலை ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு அது தேவை. கேட்பவருக்குப் பாட்டு அரை நொடி தாமதித்துத் தொடங்கினாலும் இழப்பில்லை. சுருக்கினால் கிடைப்பது ‘பட் பட்’ என்ற வெட்டொலிகள்தாம்.

ஒலியளவைக் குறைக்காமல் வழியை மாற்றுவது

எக்ஸ்க்ளூசிவ் வழியில் விண்டோஸின் ஒலியளவு வேலை செய்யாமல் போகலாம் என்பதால், முதலில் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வையுங்கள்.

ப்ளூடூத்தில் பிட் மாறாத ஒலியைத் தேடுவது

பெரும்பாலும் கிடைக்காது, அங்கே கோடெக் மீண்டும் சுருக்கிவிடுகிறது.

சோதிக்காமல் நம்புவது

எக்ஸ்க்ளூசிவ் வழியைத் தேர்ந்தெடுத்த பிறகும் செயலியில் ஈக்வலைசரோ, பாடல்களின் ஒலியளவைச் சமப்படுத்தும் ரீப்ளேகெய்னோ ஓடிக்கொண்டிருந்தால் பிட்கள் மாறவே செய்யும். டிஎஸ்டியைப் பிசிஎம் (வழக்கமான சாம்பிள் வடிவம்) உறையில் அனுப்பும் ‘டாப்’ முறையை டேக் ஏற்குமானால், அதுவே நல்ல சோதனை. அதில் ஒவ்வொரு 24 பிட் சாம்பிளின் மேல் எட்டு பிட்களும் அடையாளக் குறிகள். வழியில் யாராவது ஒலியளவைத் தொட்டாலே அந்தக் குறிகள் சிதைந்துவிடும். டேக்கில் டிஎஸ்டி விளக்கு எரியாது, இசைக்குப் பதில் இரைச்சலே வரும். இந்தச் சோதனையையும் ஆம்ப்ளிஃபையரைக் குறைத்து வைத்தே செய்யுங்கள்.

லினக்ஸில் ‘டிஃபால்ட்’ சாதனத்தை நம்புவது

லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவில் ‘டிஃபால்ட்’ என்று விட்டால் ஒலி பெரும்பாலும் பைப்வயர் போன்ற ஒலிச் சேவையகத்தின் வழியாகச் செல்லும். தனியாக எதையும் மாற்றாதவரை பைப்வயர் ஓடுவது 48 கிலோஹெர்ட்ஸில். ‘பிளக்’ (plug) என்று தொடங்கும் பெயர்களும் கேட்காமலேயே வேகத்தை மாற்றிக் கொடுக்கும். ‘எச்டபிள்யூ’ (hw) எனத் தொடங்கும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அது எதையும் மாற்றாது. டேக்கால் ஏற்க முடியாத கோப்பாக இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும்.