பூஜை டப்பாவில் 1818: கற்பனை நாணயத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போவது எப்படி

எதிர்வீட்டு அத்தை ஒரு நாள் மஞ்சள் துணியில் முடிந்த காசு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், காலடியில் அனுமார். மறுபக்கம் ஆங்கிலத்தில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, யூ.கே.எல்., ஒன் அணா, 1818. "மாமியாரோட பூஜை டப்பாவுல இருந்துச்சும்மா. ஒருத்தன் மூணு லட்சம் போகும்ங்கிறான். குடுத்துரலாமா?"

நான் 31 வருஷம் வங்கிக் கவுண்டரில் காசு எண்ணியவள். ஓய்வுபெற்ற பிறகு பழங்காசு சேர்க்கிறேன், அதனால் தெருவில் எந்தக் காசு கிடைத்தாலும் என்னிடம்தான் வரும். வருகிறவற்றில் பாதி இந்த ராமர் காசுதான். இதைப் போலி நாணயம் என்று சொல்லக் கூடாது. போலி என்றால் அசல் ஒன்று இருக்க வேண்டும். இதற்கு அசலே கிடையாது. யாரோ மனதுக்குத் தோன்றியபடி அடித்த கற்பனை நாணயம். அடித்தவன் யார், எப்போது, எதற்கு என்று தேடிப் போவதில் ஒரு துப்பறியும் சுகம் இருக்கிறது.

முதலில் காசைத் தொடாதீர்கள், கதையைக் கேளுங்கள். யார் வைத்திருந்தார், அவர் எந்த ஊர்களுக்குப் போய் வந்தவர், எந்த வருஷம் முதல் வீட்டில் இருக்கிறது. "பரம்பரையா இருக்கு" என்றால் எழுதிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். அத்தையின் மாமியார் வருஷாவருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போனவர். இது பின்னால் உதவியது.

அடுத்து, காசில் இருக்கும் எழுத்தை வரலாற்றோடு மோத விடுங்கள். கற்பனைக் காசு அடிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். இந்த ரகத்தில் 1616, 1717, 1818 என்று ஜோடி எண்கள் அடிக்கடி வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1616-ல் சென்னைக் கோட்டையே கிடையாது. கம்பெனி சென்னையில் கால் வைத்தது 1639-ல். 1818-க்கு வருவோம். அதுவரை சென்னை மாகாணக் கணக்கு வராகன், பணம், காசு என்றுதான் ஓடியது. ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-ல்தான் ரூபாய் இங்கே அடிப்படை நாணயமானது. ரூபாயில் பதினாறில் ஒரு பங்கான 'ஒரு அணா' என்று நாடு முழுக்கப் புழங்கிய தனி நாணயமோ 1907-ல்தான் வந்தது: ஏழாம் எட்வர்டு தலையோடு, செப்பும் நிக்கலும் கலந்து, விளிம்பு வளைந்து வளைந்து. அந்த 'யூ.கே.எல்.' கம்பெனியின் அசல் நாணயம் எதிலும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "சாமி படம் இருந்தாலே டுபாக்கூர்" என்று சிலர் ஒரே போடாகப் போடுவார்கள். தப்பு. சென்னையில் கம்பெனி அடித்த வெள்ளி அரை வராகனிலும் கால் வராகனிலும் ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் பெருமாள், தமிழ் எழுத்தும் தெலுங்கு எழுத்தும் உண்டு. அதுபோலப் பழைய ராமடங்கா என்பதும் ஒரு தனி வம்சம். கோயில்களில் பூஜைக்காகவே அடித்த முத்திரைக்காசு, செலவழிக்க அல்ல. நம் ராமர் அந்த ராமடங்காவிலிருந்து இறங்கி வந்தவர்தான். கம்பெனி பெயரையும் வருஷத்தையும் பிற்பாடு யாரோ ஒட்ட வைத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது தராசு. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் சின்ன மின்னணுத் தராசு போதும். 1835-ம் வருஷத்துச் சட்டப்படி கம்பெனியின் செப்பு அரை அணா 200 கிரெய்ன், அதாவது ஏறக்குறைய 12.96 கிராம். அந்தக் கணக்கில் ஒரு அணா கிட்டத்தட்ட 26 கிராம் வர வேண்டும். அத்தையின் காசு 20.4 கிராம். எந்தக் கணக்கிலும் உட்காரவில்லை.

உலோகம் எது என்று பார்க்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். தண்ணீரோடு டம்ளரைத் தராசில் வைத்து, அது காட்டும் எண்ணைச் சுழியமாக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுக்கத் தொங்க விடுங்கள். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. செம்பு 8.9, வெள்ளி 10.5. அத்தையின் காசுக்குத் தராசு 2.4 காட்டியது, வகுத்தால் 8.5. பித்தளை. இதைச் செய்யும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். நான் நிறுத்தாமல் ஒரு மத்தியானம் முழுக்க மண்டையைக் குழப்பிக்கொண்டேன்.

காந்தம் வைத்தும் பாருங்கள். செம்பும் பித்தளையும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. காசு அரிசியை இழுக்கிறது, ஆகவே கோடி பெறும் என்று எவனாவது வந்தால், காசில் காந்தத்தை ஒளித்து, அரிசியில் இரும்புத்தூள் ஏற்றியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அத்தையிடம் மூன்று லட்சம் சொன்னவனும் அந்த வகைதான். "முன்பணம் கட்டினா ஆய்வகத்துல சோதிச்சுடலாம்" என்றானாம்.

இவ்வளவும் காசு எது இல்லை என்பதைத்தான் சொல்லும். எங்கே பிறந்தது என்பதற்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும். அச்சில் கீறல் விழுந்தால், அதில் அடிக்கும் ஒவ்வொரு காசிலும் அது மேடான கோடாக எழும்பும். அடிக்க அடிக்கக் கீறல் நீளும். ஆகவே ஒரே கோடு உள்ள இரண்டு காசு கிடைத்தால் அவை ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கோடு குட்டையாக இருப்பது அண்ணன்.

என்னிடம் இதே ரகத்தில் இரண்டு காசு உண்டு. ஒன்று மதுரையில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கியது. இன்னொன்று 2009-ல் ராமேஸ்வரத்தில், சங்கும் பாசிமணியும் விற்கும் கடையில், ஒரு தட்டு நிறையக் கிடந்ததில் பொறுக்கியது. மூன்றையும் வரிசையாக வைத்தேன். மதுரைக் காசு வேறு அச்சு, அனுமார் வேறு பக்கம் பார்க்கிறார். ராமேஸ்வரத்துக் காசில் அனுமார் வாலிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கோடு. அத்தையுடையதிலும் அதே கோடு, பாதி நீளத்தில். அதே அச்சு, கொஞ்சம் முன்னால் அடித்தது.

பட்டறை எந்த ஊரில் என்று இன்னும் பிடிபடவில்லை. அதற்கு இந்தக் கோட்டோடு இன்னும் நாலைந்து காசு, அவை வாங்கிய இடத்தோடு, வேண்டும். அதனால் படம், எடை, கோட்டின் நீளம், வாங்கிய ஊர் நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைக்கிறேன். நுமிஸ்டா என்ற நாணய இணையதளத்திலும் இந்த வகைக் காசுகளின் படங்கள் உண்டு. ஆனால் கோட்டைப் பார்க்கும் அளவு தெளிவான படம் அபூர்வம்.

அத்தையிடம் விவரம் சொன்னேன். மூன்று லட்சம் போனதில் முகம் கொஞ்சம் வாடியது. லென்ஸில் அந்தக் கோட்டைக் காட்டினேன். "அப்ப ராமேஸ்வரத்துல அவங்களே வாங்குனதா?" என்று கேட்டு, மறுபடி மஞ்சள் துணியில் முடிந்துகொண்டார்.

வாசல் வரை போய்த் திரும்பி, "புளி போட்டு வெளக்கவா?" என்றார்.

"வேண்டாம் அத்தை. கோடு தேஞ்சிரும்."