மேடை, விருது, கண்டனம்: செய்தியாளர் மன்றங்கள் சறுக்கும் இடங்கள்

அதிகாரத்தில் இருக்கும் ஒருவர் செய்தியாளர் மன்றத்தில் பேச ஒப்புக்கொள்கிறார். கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்ப வேண்டும் என்று அவருடைய அலுவலகம் நிபந்தனை போடுகிறது. இதையே அவர் வேறொரு மண்டபத்தில் செய்திருந்தால் மறுநாள் அதுவே செய்தி. நடப்பது நம் மன்றத்தில் என்பதால், "விட்டால் இனி கிடைக்க மாட்டார்" என்று நிர்வாகக் குழு தலையாட்டிவிடுகிறது. பிறரிடம் நாள்தோறும் துருவிக் கேட்பதை நம்மிடம் மட்டும் கேட்பதில்லை. விருந்தினரை அழைப்பது, விருது கொடுப்பது, சிக்கலில் இருக்கும் சக செய்தியாளருக்காகக் குரல் கொடுப்பது ஆகிய மூன்று வேலைகளிலும் நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

மேடையில்

கேள்விகளை எழுத்தில் வாங்குவதே தவறு என்று சொல்லவில்லை. வாஷிங்டனில் 1908-இல் தொடங்கிய தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தின் மதிய விருந்து உரைகளில், அவையோர் சீட்டில் எழுதித் தரும் கேள்விகளை நெறியாளர் வாசிப்பது நெடுநாள் வழக்கம். அந்தச் சீட்டுகள் நெறியாளரின் கைக்குப் போகின்றன, பேச்சாளரின் கைக்கு அல்ல. அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுத்த மன்றம் வாடகை மண்டபமாகிவிடுகிறது.

அடுத்த குழப்பம், எதை வெளியிடலாம் என்பதில். பேச்சாளர் உரையை முடித்துவிட்டு, "இது ஆஃப் த ரெக்கார்டு" என்கிறார். பாதிப் பேர் ஏற்கெனவே செய்தி அனுப்பிவிட்டார்கள். லண்டனில் உள்ள ஆய்வு நிறுவனமான சாத்தம் ஹவுஸ் (Chatham House) உருவாக்கி, 1927 முதல் வழக்கத்தில் இருக்கும் விதியைப் பலர் ரகசியக் காப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது சொல்வது வேறு: கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம்; சொன்னவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதை வெளியிடக் கூடாது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட வேண்டும். பேசி முடித்த பிறகு போடப்படும் நிபந்தனைக்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை.

யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பதைச் சிறிய விஷயமாக நினைப்பது மூன்றாவது பிழை. அதே வாஷிங்டன் மன்றம் 1950-களின் நடுவிலிருந்து பெண் செய்தியாளர்களை உரை கேட்க அனுமதித்தது. ஆனால் மாடத்தில் மட்டும். கீழே ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டே குறிப்பெடுக்க, மேலே நெருக்கியடித்து நின்ற பெண்களுக்கு உணவும் கிடையாது, கேள்வி கேட்கும் உரிமையும் கிடையாது. 1963 ஆகஸ்டில், கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த புகழ்பெற்ற வாஷிங்டன் பேரணிக்கு இரண்டு நாள் முன்பு, அதன் தலைவர்களுள் ஒருவரான ஏ. பிலிப் ராண்டால்ஃப் சம உரிமை பற்றிப் பேசியதும் அந்த மன்றத்தில்தான். அந்த உரையையும் பெண்கள் மாடத்திலிருந்துதான் கேட்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு உறுப்பினர் உரிமை கிடைத்தது 1971-இல். இன்று யாரையும் மாடத்துக்கு அனுப்புவதில்லை. ஆனால் ஒலிவாங்கி எப்போதும் முன்வரிசைப் பெரிய நிறுவனங்களுக்கே போய்க்கொண்டிருந்தால் மாடம் வேறு வடிவில் இருக்கிறது என்று பொருள்.

சர்ச்சைக்குரிய பேச்சாளரை அழைப்பதும் அவரை ஆதரிப்பதும் ஒன்றல்ல. இதை மன்றம் தன் விதிகளில் முன்பே எழுதி வைக்காவிட்டால், அழுத்தம் வரும் நாளில் ஒவ்வொரு நிர்வாகியும் ஒவ்வொன்று சொல்வார். 2018 ஆகஸ்டில் ஹாங்காங் வெளிநாட்டுச் செய்தியாளர் மன்றம், தனி நாடு கோரிய கட்சியின் தலைவர் ஒருவரைப் பேச அழைத்தது. ரத்து செய்யுமாறு சீன வெளியுறவுத் துறை கேட்டது. மன்றம் நிகழ்ச்சியை நடத்தியது. அன்று மேடையை நடத்தியவர் மன்றத் துணைத் தலைவரும் ஃபைனான்ஷியல் டைம்ஸ் ஆசிரியர்களில் ஒருவருமான விக்டர் மல்லெட். இரண்டு மாதத்தில் அவருடைய விசா புதுப்பிக்கப்படவில்லை. விலை இவ்வளவு இருக்கலாம் என்று தெரிந்துதான் அழைப்பு அனுப்ப வேண்டும். அழைத்துவிட்டுப் பின்வாங்குவது அழைக்காமலே இருப்பதைவிட மோசம்.

விருதில்

மன்றங்களின் நல்ல பெயரும் கெட்ட பெயரும் இங்கேதான் அதிகம் உருவாகின்றன.

கட்டுரை அழகாக இருக்கிறது என்பதையே தகுதியாகக் கொள்வதுதான் பெரிய ஆபத்து. எட்டு வயதுச் சிறுவன் ஹெராயினுக்கு அடிமையானதாக வாஷிங்டன் போஸ்டில் ஜேனட் குக் எழுதிய கட்டுரைக்கு 1981 ஏப்ரலில் புலிட்சர் அறிவிக்கப்பட்டது. அந்தச் சிறுவன் இல்லவே இல்லை. பொய்யை வெளியே கொண்டுவந்தது கட்டுரையின் ஓட்டை அல்ல, விருதுச் செய்தியோடு வெளியான அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. அவர் முன்பு வேலை பார்த்த நாளிதழில் இருந்தவர்கள், தங்களுக்குத் தெரிந்த விவரங்களோடு அது பொருந்தவில்லை என்று கவனித்தார்கள். விருது இரண்டே நாளில் திரும்பியது. உள்ளூர்ச் செய்திப் பிரிவுக்கு வந்த அந்தப் படைப்பைச் சிறப்புக் கட்டுரைப் பிரிவுக்கு மாற்றிப் பரிசளித்தது மேல்நிலை வாரியம். கீழே படித்த நடுவர்களின் வேலையை மேலே இருப்பவர்கள் கடைசி நேரத்தில் மாற்றும் பழக்கம் உங்கள் மன்றத்திலும் இருந்தால், இந்தக் கதையை நிர்வாகக் குழுவில் ஒருமுறை வாசித்துக் காட்டலாம்.

ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழில் எழுதிய கிளாஸ் ரெலோட்டியஸ் 2018 டிசம்பரில் சிக்குவதற்குள் விருதுகளை வாரிக் குவித்திருந்தார். நடுவர்கள் மயங்கியது அந்த நேர்த்தியில்தான்: எல்லாப் பாத்திரங்களும் சரியான இடத்தில் சரியான வாக்கியத்தைச் சொன்னார்கள். பிடித்தது எந்த நடுவர் குழுவும் அல்ல. அவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதிய ஹுவான் மொரேனோ, சந்தேகப்பட்டு, கட்டுரையில் வந்தவர்களைத் தானே தேடிப் போய்ப் பார்த்தார். நடுவர்கள் அவ்வளவு தூரம் போக முடியாதுதான். ஆனால் இறுதிச் சுற்றுக்கு வரும் படைப்புகளுக்கு மட்டுமாவது குறிப்பேடு, ஒலிப்பதிவு, தொடர்புப் பட்டியல் கேட்கலாம். "நம் சகாவைச் சந்தேகிப்பதா?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். ஆசிரியர் மேசையில் நாள்தோறும் நடப்பது அதுதானே?

விருது விதிகளில் திரும்பப் பெறும் பிரிவு இல்லாமல் இருப்பது இதோடு ஒட்டிய பிழை. ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு பற்றிய நியூயார்க் டைம்ஸின் 'கேலிஃபேட்' ஒலித்தொடரில், மையச் சாட்சியாக இருந்தவரின் கதை நம்பத் தக்கதல்ல என்று 2020 டிசம்பரில் அந்த நாளிதழே ஒப்புக்கொண்டது. அதற்குக் கிடைத்திருந்த, ஒலி-ஒளிபரப்புப் படைப்புகளுக்கான பீபடி விருது திருப்பித் தரப்பட்டது. அமெரிக்காவின் ஓவர்சீஸ் பிரஸ் கிளப் தான் கொடுத்திருந்த விருதையும் திரும்பப் பெற்றது. ஒரு மன்றம் தன் விருதைத் தானே பறிப்பது வெட்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. விதியில் ஒரு வரி இருந்தால் அது வெட்கமாகாது, நடைமுறையாகிவிடும்.

நலன் முரண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தன் நிறுவனத்தின் படைப்பு வரும்போது நடுவர் அறையை விட்டு வெளியேற வேண்டும், வெளியேறியது குறிப்பில் பதிவாக வேண்டும். பெயருக்கு வெளியே போய்த் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்தே மதிப்பெண் போட்ட ஒரு குழுவில் நானும் இருந்திருக்கிறேன். அதனால், அந்த நடுவருக்கு அந்தப் பிரிவையே கொடுக்காமல் இருப்பது மேல்.

நன்கொடையாளர் விஷயத்தில் மன்றங்கள் காட்டும் அப்பாவித்தனம் வியப்பளிக்கும். சுரங்க நிறுவனம் பணம் தர, சுற்றுச்சூழல் செய்திக்கான விருது அதன் பெயரில் வழங்கப்படும். தேர்வில் அந்த நிறுவனம் தலையிடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த நிறுவனத்தைப் பற்றியே எழுதிய நிருபர் தன் படைப்பை அனுப்புவாரா? அனுப்பாதவர்களின் எண்ணிக்கை எந்த அறிக்கையிலும் வராது. விருதுப் பிரிவுகளை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போவதும் நுழைவுக் கட்டண வருவாய்க்காகத்தான் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று படைப்புகள் மட்டும் வந்த பிரிவில் முதல் பரிசு கொடுப்பதைவிட, "இந்த ஆண்டு இந்தப் பிரிவில் விருது இல்லை" என்று அறிவிக்கும் துணிவு வேண்டும்.

மேலே சொன்ன ஹாங்காங் மன்றத்தையே மறுபடி எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் அழுத்தத்துக்கு மசியாத அது, 2022-இல் சட்டச் சூழலைக் காரணம் காட்டித் தன் மனித உரிமைச் செய்தி விருதுகளை நிறுத்திவைத்தது. அறிவிப்பு வந்தது தேர்வு வேலைகள் நடந்த பிறகு. அதிருப்தியில் சிலர் பொறுப்பிலிருந்து விலகினார்கள். விருதுகள் பின்னர் நாட்டுக்கு வெளியே வேறு கைகளுக்கு மாறின. ஆபத்து உண்மையானது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களைக் கோழை என்று தொலைவிலிருந்து ஏசுவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் சட்ட ஆலோசனையைப் படைப்புகளை வரவேற்பதற்கு முன் பெற வேண்டும். அழைத்த பிறகு அல்ல.

குரல் கொடுக்கையில்

"வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்ற வரியோடு முடியும் அறிக்கைதான் மிக எளிது, மிகப் பயனற்றதும் அதுவே. யாருக்கு எழுதுகிறோம், என்ன கேட்கிறோம், எந்தச் சட்டப் பிரிவில் கைது, அடுத்த விசாரணை எப்போது என்ற நான்கும் இல்லாத அறிக்கை கோப்பில் மட்டும் கிடக்கும். உண்மையைச் சரிபார்க்காமல் முந்திக்கொள்வது இன்னும் கேடு. ஒரு விவரம் தவறிப்போனால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழு வழக்கையும் கேலி செய்யும்.

தொடராமல் விடுவது அடுத்தது. ராய்ட்டர்ஸ் செய்தியாளர்கள் வா லோன், கியாவ் சோ ஊ இருவரும் 2017 டிசம்பரில் மியன்மாரில் கைதாகி 511 நாள் கழித்து விடுதலையானார்கள். 511-ஆம் நாளில் அறிக்கை விட எல்லோரும் இருந்தார்கள். 200-ஆம் நாளிலும் 300-ஆம் நாளிலும் எத்தனை மன்றங்கள் பேசின என்பதுதான் கேள்வி. மே 3 உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள், நவம்பர் 2 செய்தியாளர்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையின்மையை ஒழிக்கும் நாள் என்று நாள்காட்டியைப் பார்த்து மட்டும் நினைவுகூர்வது போதாது.

மேடையில் ஏற்றிய ஆளை ஆபத்தில் விட்டுவிடும் பிழையும் உண்டு. மெக்சிகோவிலிருந்து 2008-இல் தப்பி அமெரிக்காவில் புகலிடம் கேட்ட எமிலியோ குட்டியெரஸ் சோட்டோ, 2017 அக்டோபரில் வாஷிங்டன் மன்றத்தில் தம் நாட்டுச் செய்தியாளர்கள் சார்பில் விருது பெற்றார். அமெரிக்கப் புகலிட நடைமுறையை அங்கேயே விமர்சித்தார். டிசம்பரில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். 2018 ஜூலையில்தான் வெளியே வந்தார். மன்றம் அவரைக் கைவிடவில்லை, வழக்கிலும் துணை நின்றது. எல்லா மன்றங்களும் அப்படி நிற்பதில்லை.

குரல் கொடுக்கும் முன் பாதிக்கப்பட்டவரின் குடும்பத்தையும் வழக்கறிஞரையும் கேட்பது அடிப்படை. வெளிச்சம் உதவும் வழக்குகள் உண்டு, கெடுக்கும் வழக்குகளும் உண்டு. எது எது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. அதோடு, உறுப்பினர் அட்டை இல்லாதவர் என்பதற்காக மொழிபெயர்ப்பாளரையும் ஓட்டுநரையும் பகுதிநேர நிருபரையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு நிருபர் விமானம் ஏறிப் போன பிறகும் அதே ஊரில் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.