பந்தய கேம்ஷாஃப்டுக்கு வால்வு ஸ்பிரிங் தெரிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பந்தய கேம்ஷாஃப்ட் (எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் முகடுகள் கொண்ட தண்டு; சுருக்கமாகக் கேம்) ஒன்றை வரவழைத்துக்கொண்டு பஞ்சிகாவத்தைக்குப் போகிறவர்கள் உதிரிப்பாகக் கடைகளில் அடுத்துக் கேட்பது, "இருக்கிறதிலேயே இறுக்கமான வால்வு ஸ்பிரிங் எது?" என்பதுதான். முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. கேம் தள்ளிவிட்ட வால்வையும் அதனோடு அசையும் பக்கெட் (கேம் அழுத்தும் கிண்ணம் போன்ற பாகம்), ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கின் மேல்முனையை வால்வோடு பிடித்திருக்கும் தட்டு) முதலியவற்றையும் கேமின் முகட்டை விட்டு விலகாமல் பின்தொடரச் செய்வதே ஸ்பிரிங்கின் வேலை. அதற்குப் போதுமான விசையும் சிறிது மிகையும் இருந்தால் போதும். அந்தப் போதுமான அளவு கேமின் வடிவத்தையும், அசையும் பாகங்களின் நிறையையும், எஞ்சினின் வேகத்தையும் பொறுத்தது. வேகத்தின் பங்கு அதன் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், நிமிடத்துக்கு 7,000 சுற்றுகளிலிருந்து 8,000 சுற்றுகளுக்குப் போக விரும்புகிறவருக்கு ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் விசை தேவைப்படும். ஆகவே இரு கேம்களின் வால்வுத் தூக்கம் (வால்வு திறக்கும் தூரம்) ஒன்றாக இருப்பதால் மட்டும் ஒரே ஸ்பிரிங் இரண்டுக்கும் பொருந்திவிடாது. வால்வை வேகமாகத் திறந்து மூடும் கேமுக்குக் கூடுதல் விசை வேண்டும். கேமுடன் வரும் தரவு அட்டையில் அதைச் செய்தவர் பரிந்துரைக்கும் விசைகள் குறிக்கப்பட்டிருந்தால், கடைக்காரர் சொல்வதற்கு முன்னர் அதைப் படிக்க வேண்டும்.

"இது 30 கிலோ ஸ்பிரிங்" என்று சொல்வதில் பொருள் எதுவும் இல்லை. எந்த உயரத்தில் 30 கிலோ என்று சொன்னால்தான் அது அளவாகும். எடுத்துக்காட்டாக, 36 மில்லிமீற்றர் உயரத்தில் பொருத்தும்போது 32 கிலோ விசை தரும் ஒரு ஸ்பிரிங், அதற்கு மேல் அமுக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் 3.6 கிலோ ஏறுகிறது என்று கொள்வோம். வால்வு 10 மில்லிமீற்றர் திறக்கும்போது விசை 68 கிலோவாகும். அதே ஸ்பிரிங்கை 37 மில்லிமீற்றர் உயரத்தில் பொருத்தினால் மூடிய நிலையில் 28.4 கிலோவும் முழுத் திறப்பில் 64.4 கிலோவும்தான் கிடைக்கும். பெட்டியின் மேல் அச்சிட்ட இலக்கம் சரியாகத்தான் இருக்கும். நம் எஞ்சினுக்குள் அது சரியாக இராது. அமெரிக்க, பிரித்தானிய அட்டைகளில் அளவுகள் இறாத்தலிலும் அங்குலத்திலும் வருவதால், ஓர் அங்குலத்துக்கு 200 இறாத்தல் என்பது ஒரு மில்லிமீற்றருக்குச் சுமார் 3.6 கிலோ என்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் ஊரில் இந்த ஒரு மில்லிமீற்றர் கற்பனையான கணக்கு அல்ல. பல ஆண்டுகள் ஓடிய சிலிண்டர் ஹெட்டில் வால்வு ஆசனத்தை இரண்டு மூன்று தடவை வெட்டிச் சீர்செய்திருப்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் வால்வு உள்ளே அமிழ்ந்து, அதன் தண்டு மேலே உயர்ந்து, ஸ்பிரிங் பொருந்தும் உயரம் கூடுகிறது. எட்டு வால்வுகளானாலும் பதினாறானாலும் ஒன்று விடாமல் அளந்து, கூடியிருக்கும் இடங்களில் உரிய தடிப்புள்ள ஷிம்மை (மெல்லிய உலோக வளையத்தை) ஸ்பிரிங்குக்கு அடியில் இட்டு எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. நல்ல பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இதற்கு ஒரு முழு நாளைக் கேட்டால் பேரம் பேசாதிருப்பதே நல்லது.

ஆனால் உயரத்தைச் சரிசெய்வதற்குரிய அந்த ஷிம்மையே விசையைக் கூட்டும் குறுக்குவழியாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. நானும் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறேன். மேற்சொன்ன ஸ்பிரிங்கின் சுருள்கள் 24.5 மில்லிமீற்றரில் ஒன்றோடொன்று முட்டும் என்றால், 10 மில்லிமீற்றர் தூக்கத்தில் மிஞ்சுவது 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படும் பாதுகாப்பு எல்லையும் ஏறக்குறைய அதுவே. அங்கே 1.5 மில்லிமீற்றர் ஷிம்மை இட்டால் ஸ்பிரிங் திண்ம உருளையாகிவிடும். கேமும் பக்கெட்டும் அதற்கு விலை கொடுக்கும். ரிட்டெய்னரின் அடிப்பகுதிக்கும் வால்வு எண்ணெய் சீலுக்கும் இடையிலும் முழுத் திறப்பில் இதே அளவு இடைவெளி தேவை. அதைப் பார்க்காமல் மூடிய எஞ்சின் சில நாட்களில் நீலப் புகை விடத் தொடங்கும்.

மொறிஸ் மைனர், மினி போன்ற பழைய கார்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் கேமின் தூக்கமும் வால்வின் தூக்கமும் ஒன்றல்ல. இடையே ராக்கர் என்ற நெம்புகோல் அதைப் பெருக்குகிறது. கேம் 7 மில்லிமீற்றர் தூக்குமானால், சுமார் 1.25 விகிதமுள்ள பழைய ராக்கர் அதை 8.75 மில்லிமீற்றராக்கும்; 1.5 விகித ராக்கரை மாட்டினால் 10.5 மில்லிமீற்றராகும். கேமை மாற்றாமல் ராக்கரை மட்டும் மாற்றியவர், ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார். டொயோட்டா 4ஏ-ஜிஇ போல கேம் பக்கெட்டை நேரடியாக அழுத்தும் எஞ்சின்களில் இந்தப் பெருக்கம் இல்லை.

தேவைக்கு மிஞ்சிய விசையும் இலவசமாக வருவதில்லை. கேமின் முகடும் பக்கெட்டும் தேய்கின்றன, டைமிங் பெல்ட் கூடுதல் சுமையை இழுக்கிறது. வேகம் போதாத இடத்தில் ஸ்பிரிங்கை இன்னும் இறுக்குவதை விட, இலகுவான ரிட்டெய்னரையோ மேற்பக்கம் குறுகும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்கையோ தெரிவு செய்து அசையும் நிறையைக் குறைப்பதே என் கண்ணில் அறிவுள்ள வழி. டர்போ பூட்டியவர்களுக்கு மட்டும் ஒரு கூட்டல் உண்டு: 32 மில்லிமீற்றர் விட்டமுள்ள உள்ளெடுப்பு வால்வின் பின்புறத்தை 1 பார் அழுத்தம் சுமார் 8 கிலோ விசையுடன் தள்ளுவதால், மூடிய நிலை விசையில் அவ்வளவு குறைந்துபோகும்.

தட்டையான டப்பட் (கேமின் மேல் உராய்ந்து அசையும் பாகம்) உள்ள எஞ்சினில் புதுக் கேமை முதன்முதல் ஓட்டும்போது, இரட்டை ஸ்பிரிங்கின் உட்சுருளைக் கழற்றிவிட்டு, 2,000 முதல் 2,500 சுற்றுகளில் ஏறக்குறைய 20 நிமிடங்கள் ஓட விட்டு, அதன் பின்னரே உட்சுருளைப் பூட்ட வேண்டும். நுவரெலியா மலையேற்றப் பந்தயத்துக்கு நாள் நெருங்கிவிட்டதென்று இதைத் தவிர்த்தவர்களின் கேம்கள் முகடு மழுங்கி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

புது ஸ்பிரிங்கும் முதல் ஓட்டங்களின் சூட்டுக்குப் பின் தன் விசையில் சிறிது இழக்கும். ஆகையால் பூட்டுமுன் ஒவ்வொன்றின் விசையையும் பொருத்தும் உயரத்தில் அளந்து, இலக்கமிட்டு எழுதி வைக்க வேண்டும். சோதனைக் கருவி இல்லாத கராஜில் ட்ரில் பிரஸ்ஸின் மேடையில் உடல் நிறை பார்க்கும் தராசு ஒன்றை வைத்து, ஸ்பிரிங்கை உரிய உயரம் வரை அமுக்கிப் பார்த்தாலே ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாடு தெரிந்துவிடும். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது அதே தராசில் மீண்டும் அளந்து, பழைய தாளுடன் ஒப்பிட்டு, மற்றவற்றை விடத் தெளிவாகத் தளர்ந்திருப்பது ஒன்றே ஒன்றானாலும் முழுத் தொகுதியையும் மாற்றிவிடுங்கள்.